ஸ்ட்ரட் மாற்ற ஸ்பிரிங் கம்ப்ரஸர்: வாங்குமுன் அளந்துபாருங்கள்

ஷாக் (சக்கரத்தின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்ஸார்பர்) போய்விட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் விசாரிப்பது ஷாக் என்ன விலை என்பதைத்தான். ஸ்பிரிங்கை எதை வைத்து அமுக்கப் போகிறோம் என்ற கேள்வி, வண்டியை ஜாக்கில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த கூட்டான ஸ்ட்ரட்டை எடுத்துத் தரையில் வைத்த பிறகுதான் வருகிறது. அதற்குள் சனிக்கிழமை மத்தியானம் ஆகியிருக்கும், கடைகள் மூடுகிற நேரம், பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒரு ஜோடி கம்ப்ரஸர் கிடக்கிறது, சரி அதையே மாட்டிவிடலாம் என்று ஆகிவிடும். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள், அளந்துகொள்ளுங்கள். அப்புறம் கருவி. ஷாக் வாங்குவது கடைசியில்.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் இந்த வேலை கொஞ்சம் அடிக்கடியே வரும். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் மாதிரி மேடும் பள்ளமுமான இடங்களில் ஸ்பீட் ஹம்ப் ஏறி இறங்கியே ஷாக் ஓய்ந்துபோகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எத்தனை சாலைகள் பெயர்ந்துபோயின என்பது இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதோடு கடற்கரை உப்புக் காற்று வேறு. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று தண்ணீர் தேங்குகிற கீழ்த்தட்டில் உட்கார்ந்திருப்பதால் துரு முதலில் அங்கேதான் பிடிக்கிறது, பிறகு ஒருநாள் அங்கேயே ஒடிகிறது. வண்டியை விற்கப் போனால், அது சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனையில் எண்ணெய் ஒழுகும் ஷாக்கைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே வீட்டு முற்றத்திலேயே மாற்றிக்கொள்ள நினைப்பதில் தப்பொன்றுமில்லை.

ஏன் இந்தக் கருவிக்கு மட்டும் இவ்வளவு யோசனை

ஸ்பேனர் வழுக்கினால் விரல் முட்டியில் தோல் உரியும், அவ்வளவுதான். கம்ப்ரஸர் வழுக்கினால் கதை வேறு. மேக்பெர்சன் ஸ்ட்ரட்டில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கூட்டாக இருக்கின்றன. மேலே மவுண்டிங், கீழே ஷாக்கின் உடம்போடு பற்றவைத்த தட்டு, நடுவில் ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலேயே நிற்கிறது. சக்கரம் காற்றில் தொங்கினாலும், ஸ்ட்ரட் வண்டியை விட்டுக் கழன்று தரையில் கிடந்தாலும் அது முழுதாகத் தளர்வதில்லை. அதைப் பிடித்து வைத்திருப்பது மேலே இருக்கிற ஒரே ஒரு நட்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள ஒரு ஸ்பிரிங்கை 15 சென்டிமீட்டர் அமுக்கினால் அது திருப்பித் தள்ளுகிற விசை 3,750 நியூட்டன், அதாவது சுமார் 380 கிலோ எடை. உள்ளே அடைபட்டிருக்கும் சக்தி 280 ஜூலுக்குச் சற்று மேல். 10 கிலோ அரிசி மூட்டை ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவு அடியோ அவ்வளவு. அரிசி மூட்டையாவது கீழ்நோக்கித்தான் விழும். ஸ்பிரிங் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

முதல் படி: உங்கள் வண்டிக்கு இது வேண்டுமா என்று பாருங்கள்

எல்லா வண்டிக்கும் கம்ப்ரஸர் தேவையில்லை. இதைப் பார்க்காமல் காசு கொடுத்து வாங்கியவர்கள் நிறையப் பேர். டொயோட்டாவின் ப்ராஸ்பெக்டன் ஆலையில் 2006 வரை செய்த டாஸ் காருக்கு முன்னும் பின்னும் ஸ்ட்ரட்தான், நாலு மூலைக்கும் கம்ப்ரஸர் வேண்டும். கொரோலா குவெஸ்ட்டுக்கு முன்னால் மட்டும் போதும், பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. பின் ஷாக்கின் போல்ட்டுகளைக் கழற்றி மாற்றிவிடலாம், ஆனால் அதற்கு முன் பின் அச்சுக்கு அடியில் ஜாக் கொடுத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். 2009 வரை வந்த சிட்டி கோல்ஃபில் பின்பக்கமும் ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பழைய உடம்புள்ள குவாண்டம் டாக்சிக்கு முன்னால் டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி), பின்னால் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்), அதற்குக் கம்ப்ரஸரே வேண்டாம்.

பக்கி (பிக்கப் வண்டி) வைத்திருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். 2005-க்குப் பிந்தைய ஹைலக்ஸில் முன்பக்கம் இரட்டை விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு கவட்டைக் கைகள்), ஷாக்கைச் சுற்றி ஒரு தடித்த, குட்டையான, விறைப்பான ஸ்பிரிங். சின்னக் காருக்கென்று வாங்கிய கொக்கி ஜோடியை இதில் மாட்டவே கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இரண்டாம் படி: அளவு எடுங்கள்

சக்கரத்தைத் திருப்பி, வளைவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வெர்னியர் காலிபர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தையல்காரர் டேப் போதும், சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும்.

வேண்டிய அளவுகள்: ஸ்பிரிங்கின் வெளிவிட்டம், கம்பியின் தடிமன், சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, மொத்தம் எத்தனை சுற்று. இதில் நம் ஆட்கள் விட்டுவிடுவது இடைவெளியைத்தான். கொக்கி உள்ளே நுழைய இடம் இருந்தால்தானே பிடிக்கும்? பல கார்களில் ஸ்பிரிங்கின் ஒரு முனையில் சுற்றுகள் நெருங்கியும் மறு முனையில் விரிந்தும் இருக்கும். நெருங்கிய பக்கம் தடித்த கொக்கி நுழையாது, நுனி மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கும். அப்படித் தொற்றி நிற்பதுதான் அமுக்கும்போது வழுக்கி வெளியே வருகிறது.

அப்புறம் உருவம். நேரான உருளையாக இருந்தால் எந்த வகைக் கருவியும் ஏறக்குறைய ஒத்துப்போகும். நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கிய பீப்பாய் வடிவமோ, ஒரு பக்கம் கூம்பாகக் குறுகுவதோ, பக்கவாட்டில் லேசாக வாழைப்பழம்போல் வளைந்ததோ என்றால் கொக்கி சாய்வாகத்தான் உட்காரும். சாய்ந்த கொக்கி விசை ஏற ஏறச் சரிவை நோக்கி நகரும். இந்த மாதிரி ஸ்பிரிங்குக்கு இரட்டைக் கொக்கியும் அடைக்கும் பின்னும் (முள்) உள்ளது அல்லது தட்டு வகை, இரண்டில் ஒன்றுதான், இவை என்னவென்று அடுத்த படியில் சொல்கிறேன்.

ஸ்பிரிங் ஏற்கெனவே ஒடிந்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒடிந்த ஸ்பிரிங் தட்டில் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது, எந்தப் பக்கம் விசை அதிகம் என்று வெளியிலிருந்து தெரியாது. அதைக் கூண்டுள்ள மேடைக் கருவி வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாம் படி: வகையைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் அதிகம் கிடைப்பது கொக்கி ஜோடி. ஒரு திருகுக் கம்பி, மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, இப்படி இரண்டு. ஸ்பிரிங்கின் இரு பக்கமும் எதிரெதிராக மாட்டி, மாறி மாறித் திருகி அமுக்குவது. விலை குறைவு, சின்னப் பெட்டியில் அடங்கும், டாஸ், போலோ மாதிரி வண்டிகளுக்கு வேலை ஆகும். ஆனால் இந்த வகைக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. ஒரு முனைக்கு ஒற்றைக் கொக்கி வைத்தது சுற்றை ஒரே இடத்தில் பிடிக்கிறது, அதனால் கம்பியைச் சுற்றி வழுக்கி ஓட அதற்கு வழி இருக்கிறது. ஒரு முனைக்கு இரண்டு கொக்கி வைத்தது சுற்றை இரண்டு இடத்தில் பிடிக்கிறது. அதிலும் கொக்கிக்குக் குறுக்கே ஒரு பின் அல்லது திருகு வந்து, சுற்றை வெளியே விடாமல் அடைத்துக்கொள்ளும் வகை உண்டு. என்னைக் கேட்டால் பின் இல்லாததை ஓசியில் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பின் உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு குடும்பத்துக்கு பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் கறிக் குழம்பு) வாங்குகிற காசுக்கு மேல் பெரிதாக இருக்காது.

இரண்டாவது, தட்டு வகை. ஒரே திருகு, அது ஒரு குழாய்க்குள் அடங்கியிருக்கும், மேலும் கீழும் அரைவட்டத் தட்டுகள் ஸ்பிரிங்கின் சுற்றை வளைத்துப் பிடிக்கும். ஸ்பிரிங்கின் சரிவுக்கு ஏற்றபடி தட்டும் சரிவாக இருப்பதால் பிடிமானம் நன்றாக இருக்கும், ஒரே திருகு என்பதால் ஒரு பக்கம் அதிகம் மறு பக்கம் குறைவு என்ற பேச்சே இல்லை. ஜெர்மன் கருவிகளில் கிளான், ஹேசெட் பெயர்கள் இந்த வகைக்குப் பிரபலமானவை. விலை அதிகம். தட்டுகள் அளவு வாரியாக வருகின்றன, அதனால்தான் விட்டத்தை அளக்கச் சொன்னேன். உங்கள் ஸ்பிரிங்கின் விட்டம் தட்டின் அளவுக்குள் வராவிட்டால், எவ்வளவு உயர்ந்த கருவியாக இருந்தாலும் தண்டம்தான். மூன்று நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதென்றால் இதுதான் புத்திசாலித்தனம், அவ்வப்போது யாருக்காவது தேவைப்படும்.

மூன்றாவது, சுவரிலோ தரையிலோ பொருத்துகிற மேடைக் கருவி, கையால் சுற்றுவதும் உண்டு, கால் பம்பால் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவதும் உண்டு. பட்டறைக்கான பொருள் இது. வீட்டுக்கு வேண்டாம், ஆனால் பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களிடம் இது இருக்கிறதா என்று கேளுங்கள். ஹைலக்ஸ் மாதிரி விறைப்பான குட்டை ஸ்பிரிங்குக்கு இதுதான் சரி. அதில் சுற்றுகள் குறைவு, கொக்கி பிடிக்க இடம் போதாது, கொஞ்ச தூரம் அமுக்குவதற்குள் விசை ஏகமாக ஏறிவிடும்.

நான்காவது ஒன்றும் அலமாரியில் தொங்கும், தவறி வாங்கிவிடாதீர்கள். ஸ்பிரிங்கின் உள்ளே நுழைத்து நடுத்தண்டால் இழுக்கும் உள்வகை. ஸ்பிரிங் தனியாக, உள்ளே காலியாக இருக்கும் சில கார்களுக்கானது அது. ஸ்ட்ரட்டில் நடுவே ஷாக் இருக்கும்போது இதை எங்கே நுழைப்பது?

நான்காம் படி: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

பெட்டியில் எழுதியிருக்கும் தாங்கு எடை ஒரு கம்பிக்கா, ஜோடிக்கா என்று முதலில் பாருங்கள். ஜோடிக்கு என்றால் ஒரு கம்பிக்குப் பாதிதான். நடைமுறையில் திருகும்போது ஒரு பக்கம் எப்போதும் சற்று முந்திக்கொண்டுதான் இருக்கும், முந்திய பக்கம் பாதிக்கு மேல் சுமக்கும். நீங்கள் போட்ட கணக்கைவிடத் தாராளமாக அதிகம் தாங்குகிற கருவியாக எடுங்கள். எடை எதுவும் எழுதாத பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கம்பியின் மரையைப் பாருங்கள். தட்டையான உச்சியுள்ள, அகன்ற, ஜாக்கில் இருப்பது மாதிரியான மரை வேண்டும். சாதாரண போல்ட் மாதிரிக் கூர்மையான மரை பாரத்தில் சீக்கிரம் தேயும். கொக்கி காய்ச்சி அடித்து உருவாக்கிய ஒரே துண்டாக இருக்கட்டும், தகட்டை வளைத்துப் பற்றவைத்தது வேண்டாம். பற்றவைப்பு இருந்தால் அந்த ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், பொத்தலோ இடைவெளியோ தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுங்கள். திருகும் தலைக்கு அடியில் ஒரு தாங்கு வாஷரோ பேரிங்கோ இருந்தால் திருகுவது பாதி லேசாகும். கொக்கி வாயில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ உறை இருந்தால் நல்லது. வெறும் இரும்பு ஸ்பிரிங்கின் பூச்சைக் கீறிவிடும், நம் ஊர்க் காற்றில் அந்தக் கீறலிலேயே துரு ஆரம்பிக்கும்.

கம்பியின் நீளமும் முக்கியம். குட்டையாக இருந்தால் போதிய சுற்றுகளைப் பிடிக்காது. ரொம்ப நீளமாக இருந்தால், அமுக்கிய பிறகு அதன் வால் மேல் மவுண்டிங்கில் முட்டி, நட்டைக் கழற்ற ஸ்பேனர் வைக்கவே இடமில்லாமல் செய்துவிடும். முதலில் எடுத்த அளவை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள், கடையில் கம்பியை வைத்துப் பார்த்துவிடலாம்.

இரவல் வாங்குவதாக இருந்தால் இன்னும் கறார் வேண்டும். கம்பியைத் தட்டையான தரையில் உருட்டுங்கள், வளைந்திருந்தால் தள்ளாடும். மரையில் மணல், துரு, நசுங்கிய இடம் இருக்கிறதா, நட்டை முனையிலிருந்து முனைவரை வெறும் கையால் ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள். நடுவில் சிக்கினால் யாரோ ஏர் கன் (காற்றழுத்தத்தில் திருகும் கருவி) வைத்து அடித்திருக்கக்கூடும். நாலு முனைக்கும் பின் இருக்கிறதா? ஒரு பின் தொலைந்துபோய் அதற்குப் பதில் ஆணி செருகியிருந்தால், நன்றி அண்ணா என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை.

ஐந்தாம் படி: மாட்டி அமுக்குவது

வண்டி ஜாக் ஸ்டாண்டில், எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை. பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்துவிட்டு, நக்கிள் (ஸ்ட்ரட்டின் அடியில் சக்கரத்தைத் தாங்கும் துண்டு) போல்ட்டுகளையும் மேலே உள்ள மவுண்டிங் நட்டுகளையும் கழற்றினால் ஸ்ட்ரட் வெளியே வரும். மேலே நடுவில் இருக்கும் பெரிய நட்டை மட்டும் இப்போது தொடக் கூடாது. போலோ, விவோ வண்டிகளில் ஸ்ட்ரட்டின் குழாய் நக்கிளுக்குள் செருகியிருக்கும், அதை விரிக்க ஒரு சின்ன நீள்வட்டச் சாவி வேண்டும், உளி வைத்து நெம்பாதீர்கள்.

ஸ்ட்ரட்டைக் கீழ்க் கிளாம்பில் பிடியுங்கள், குழாயின் உடம்பை வைஸில் நசுக்க வேண்டாம். மேல் மவுண்டிங், ஸ்பிரிங், கீழ்த்தட்டு மூன்றிலும் ஒரே கோட்டில் பெயின்ட் கோடு போடுங்கள், திரும்ப மாட்டும்போது ஊகிக்க வேண்டியிராது. மரையில் நன்றாகக் கிரீஸ் தடவுங்கள். கொக்கிகளை நேரெதிர்ப் பக்கங்களில், எவ்வளவு சுற்றுகளைப் பிடிக்க முடியுமோ அவ்வளவையும் உள்ளடக்கி மாட்டி, பின்களைப் போடுங்கள். ஒரு ராச்செட் பெல்ட்டை மேல் மவுண்டிங்கிலிருந்து கீழ்த்தட்டு வரை சுற்றிக் கட்டிவிட்டால், வழுக்கினாலும் ஸ்பிரிங் தூரம் போகாது. இதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது கை ராச்செட்டால் ஒரு பக்கம் இரண்டு சுற்று, மறுபக்கம் இரண்டு சுற்று. ஏர் கன், இம்பாக்ட் டிரைவர் எதுவும் வேண்டாம், மரை சூடேறிப் பிய்வது அதனால்தான். ஒவ்வொரு நாலைந்து முறைக்கும் நிறுத்தி, கொக்கி நகர்ந்திருக்கிறதா, ஸ்பிரிங் ஒரு பக்கம் வில்லாக வளைகிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். மேலிருந்து குனிந்து பார்க்கக் கூடாது, ஸ்ட்ரட்டின் இரு முனைக்கும் நேரே முகமும் நெஞ்சும் எந்த நேரத்திலும் வரக் கூடாது. வளைந்தால், பின்தங்கிய பக்கத்தைத் திருகி நேராக்குங்கள். கொக்கி நகர்ந்தால் அதைத் தட்டிச் சரிசெய்ய நினைக்காமல், மாறி மாறித் தளர்த்தி, முழுவதும் அவிழ்த்து, முதலிலிருந்து மாட்டுங்கள்.

எவ்வளவு அமுக்குவது? ஸ்பிரிங் மேல் தட்டிலிருந்து விலகி, கையால் திருகினால் லேசாக ஆடுகிற வரைக்கும், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். சுற்றோடு சுற்று ஒட்டும்வரை அமுக்குகிறவர்கள் கருவியைத்தான் கொல்கிறார்கள்.

ஸ்பிரிங் ஆடினால் மட்டுமே நடு நட்டு. ராடின் (ஷாக்கின் நடுத்தண்டின்) முனையில் ஆலன் கீ போட்டுப் பிடித்துக்கொண்டு, வளைந்த ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்புங்கள். பளபளக்கும் ராடைக் குறடால் பிடித்தீர்களானால், அந்தக் கீறல் எண்ணெயை அடைக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுத்து ஷாக் ஒழுக ஆரம்பிக்கும். பழைய ஷாக்கைத் திரும்பப் போடப் போவதில்லை என்றால் பாதகமில்லை, புதியதில் கூடவே கூடாது.

ஆறாம் படி: திரும்ப மாட்டுவது

மவுண்டிங்கின் பேரிங்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள், கரகரத்தால் இப்போதே மாற்றுங்கள். இதற்காக இன்னொருமுறை ஸ்பிரிங்கை அமுக்க யாருக்கும் ஆசை இருக்காது. பம்ப் ஸ்டாப்பும் (ஷாக் முழுதாக அமுங்கும்போது தாங்கும் ரப்பர் கட்டை) தூசி உறையும் கெட்டிருந்தால் அவற்றையும் இப்போதே மாற்றுங்கள். புதிய ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து முழு நீளத்துக்கும் மூன்று நான்கு முறை மெதுவாக அமுக்கி இழுத்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். ஸ்பிரிங்கின் நுனி கீழ்த்தட்டின் பள்ளத்தில் போய் முட்டி நிற்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே புதிய நட்டைப் போட்டு, வண்டியின் கையேட்டில் உள்ள டார்க் (முடுக்கும் இறுக்கம்) அளவுக்கு முடுக்கி, கம்ப்ரஸரை மாறி மாறித் தளர்த்துங்கள். தளர்த்தும்போதும் அமுக்கும்போது இருந்த அதே நிதானம் வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங்கைக் கருவியோடு அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், ராத்திரி முழுக்க வைப்பது அதைவிட மோசம், குழந்தைகள் ஓடி விளையாடும் முற்றம்.

ஷாக்குகளை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இடது மட்டும் புதியது என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம், நக்கிள் போல்ட்டைக் கழற்றி மாட்டிய பிறகு கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) பழைய இடத்தில் இருக்காது.

நீங்களே செய்யாமலிருப்பதும் ஒரு வழிதான்

வருஷத்துக்கு ஒருமுறைகூட இந்த வேலை வராதென்றால் நல்ல கம்ப்ரஸர் வாங்குவதற்குக் கணக்கு ஒத்துவராது, மட்டமானது வாங்குவதற்கு எப்போதும் ஒத்துவராது. ஸ்ட்ரட்டை நீங்களே கழற்றி, ஸ்பிரிங் மாற்றுகிற வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்து, திரும்ப நீங்களே மாட்டிக்கொள்ளலாம். கூலியில் பெரும்பகுதி மிச்சம். ஸ்பிரிங், மவுண்டிங் எல்லாம் சேர்த்துக் கட்டிய முழு ஸ்ட்ரட்டும் சில மாடல்களுக்குக் கிடைக்கிறது, கம்ப்ரஸரே தேவைப்படாது. ஆனால் அதில் வரும் ஸ்பிரிங்கின் விறைப்பும் உயரமும் உங்கள் வண்டியின் எஞ்சினுக்கும் மாடலுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். புனித வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தை முழுக்க ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் தாழ்ந்த ஸ்பிரிங் போட்டால் ஹம்ப் ஒவ்வொன்றிலும் அடிவயிறு உரசும்.

வாங்கிய கருவியை வேலை முடிந்ததும் துடைத்து, மரையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, நாலு பின்களையும் அதே பெட்டியில் நூலால் கட்டி வையுங்கள்.